நடுங்கும் கை

மதுவிலக்குச் சங்கக் கூடத்தில் உறுதிமொழி எடுப்பவர்கள் வலது கையை நீட்டி நிற்கிறார்கள். தச்சரின் கை மட்டும் வெடவெடவென்று ஆடுகிறது. "என்ன தச்சரே, உறுதிமொழிக்கே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்கிறார் செயலாளர். கூடமே சிரிக்கிறது. மூன்று நாளாக ஒரு சொட்டும் தொடாததால் வந்த நடுக்கம் அது என்று பக்கத்தில் நிற்கும் மனைவிக்குத்தான் தெரியும். "சாமி சத்தியமா அவரு குடிக்கலைங்கய்யா" என்கிறாள். செயலாளர் அவரிடமிருந்து உறுதிமொழி அட்டையைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்துவைக்கிறார். கரையேறி வந்தவரைக் காலால் தள்ளுகிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிகிறது. கூடம் பெருக்கும் அம்மாள், சிந்தாமலிருக்கப் பாதித் தம்ளர் மட்டும் தேநீர் ஊற்றி நீட்டுகிறாள். "மெதுவா குடிங்கண்ணே." அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சன்னல் வழியே வெளியே பார்க்கிறார். மனைவி அவர் சட்டை நுனியை இறுகப் பற்றிக்கொள்கிறாள். எதிரே சாராயக்கடை திறந்திருக்கிறது. நடுங்கும் கையைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை.