பாறை உச்சியில் நின்றவன்

திட்டக்குடிக்கு மேற்கே ஒரு பாறை. அதற்கு மேலே நட்சத்திரங்கள் கோடுகளாகப் பதியட்டும் என்று கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்திருந்தேன். மச்சான் அருள்முருகன் கீழே டார்ச் அடித்தபடி பாறையைச் சுற்றி நடந்தான். நடந்துகொண்டே இருப்பவர் படத்தில் விழமாட்டார்.

காலையில் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் படத்தைப் பார்த்தால், பாறை உச்சியில் கருப்பாக ஓர் ஆள்.

"மேல ஏறி நின்னியாடா?"

"இல்ல மாமா, அம்மா சத்தியமா."

நான் நம்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியிருந்தால், நட்சத்திரக் கோடுகள் அந்த உடம்பின் மேலும் ஓடியிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. படம் தொடங்கி முடியும்வரை அந்த ஆள் அசையவே இல்லை.

கிளம்பும்போது எடுத்த கடைசிப் படத்தில் உச்சி காலியாக இருந்தது. பாறையடியில் எங்கள் கார், பின்கதவு திறந்தபடி நின்றது.

அருள்முருகன் என்னைப் பார்த்தான்.

"பின்கதவ நீங்கதான மாமா தெறந்தீங்க?"