மாம்பழத்தின் மேல் மூன்று உருண்டைகள்

ஓவனுக்குள் ஒரு கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. அதில் மாம்பழத் துண்டுகள் சர்க்கரைப் பாகில் கிடந்தன. அவற்றின் மேல் மூன்று பிஸ்கட் மாவு உருண்டைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன.

"நெருங்கி வாங்கடா தம்பிகளா" என்றது பெரிய உருண்டை. "ஒட்டிக்கொண்டால் ஒரே மூடியாகிவிடலாம். இந்தப் பழம் எட்டிப் பார்த்தால் நமக்கு என்ன மரியாதை?"

நடு உருண்டை உடனே போய் ஒட்டிக்கொண்டது.

"நான் வரமாட்டேன்" என்றது சின்ன உருண்டை. "ஆவி மேலே வர வழி வேண்டும். இல்லாவிட்டால் நம் அடிப்பக்கம் வேகாது."

"வந்துட்டார் பெரிய சமையல்காரர்!" என்றது பெரிய உருண்டை.

பாகு கொதித்தது. இடைவெளி வழியாகப் பொங்கி, சின்ன உருண்டையின் மேல் தெறித்தது. நன்றாகவே சுட்டது. ஆனாலும் அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஐயே, முகமெல்லாம் கறை!" என்று மற்ற இரண்டும் சிரித்தன.

வாசனை வந்ததும், சமைத்துக்கொண்டிருந்த ரோகிணி பாத்திரத்தை வெளியே எடுத்தாள். சின்ன உருண்டையைக் கரண்டியால் அள்ளினாள். அது அடிவரை வெந்திருந்தது. ஒட்டியிருந்த இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். மேலே பொன்னிறம்; அடியில் பச்சை மாவு.

பாத்திரம் மறுபடியும் ஓவனுக்குள் போனது.

"அண்ணே" என்றது நடு உருண்டை, "கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்."