கண்ணாடியில் ஆளைக் காணோம்

"ரைட்" என்றார் அவர்.

காரை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டிருந்த அவள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். பின்னால் கட்டியிருந்த கேரவன், சொல்பேச்சு கேட்காமல் இடப்பக்கம் போனது.

"ஐயோ மங்கை, அந்த ரைட் இல்ல! 'சரி, வா'ன்னு சொல்ற ரைட்!"

கேம்பிங் மைதானத்தில் பக்கத்துக் கூடாரக்காரர்கள் டீக்கோப்பையோடு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓசியில் வேடிக்கை.

அவள் வண்டியை முன்னே எடுத்து நேராக்கினாள்.

ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் வண்டி. மெல்போர்ன் வந்து பல வருஷம் கழித்து இவர்களும் ஒன்று வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, குக்கர், ஊறுகாய் பாட்டில், எல்லாம் காருக்குப் பின்னாலேயே வரும். எப்போதும் அவர்தான் ஓட்டுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள்.

போன வருஷம் அவர் குளியலறையில் விழுந்தார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. "என்னங்க, என்னங்க" என்று கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

அவர் பெயரை அவள் சொன்னதே கிடையாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது அவள் அம்மாவின் கணக்கு. இவள் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் எதற்கு வம்பு? ஆம்புலன்ஸ்காரர் பெயர் கேட்டபோதுகூட, அவருடைய லைசென்ஸை எடுத்து நீட்டினாள்.

பிழைத்து வந்தார். அந்த லைசென்ஸ்தான் போய்விட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேரவனை விற்றுவிடலாம் என்றார் அவர். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அதனால்தான் இன்று இவள் கையில் ஸ்டியரிங்.

கிளம்பும்போது அவர் படித்துப் படித்துச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. கண்ணாடியில் நான் தெரியவில்லை என்றால் அப்படியே நிறுத்திவிடு.

மறுபடி ரிவர்ஸில் போட்டாள்.

கண்ணாடியில் அவர் நின்றார். சட்டை தொளதொளத்தது. ரொம்பத்தான் இளைத்துவிட்டார். "வா வா... லேசா ஒடி... வரட்டும், வரட்டும்..." என்று ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கண்டக்டர் போலக் கையை ஆட்டினார். குரலில் பழைய குஷி வந்திருந்தது.

இந்த முறை கேரவன் சொன்னபடி கேட்டது. மரத்தை ஒட்டி, தண்ணீர்க் குழாயை இடிக்காமல், மெல்ல மெல்ல உள்ளே போனது. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஒரே ஒரு கணம் குழாயைப் பார்த்தாள்.

திரும்பினால், கண்ணாடியில் மரம் மட்டும்.

பிரேக்கை மிதித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். காதுக்குள் அந்தத் தண்ணீர்ச் சத்தம்.

"நீலமேகம்!"

டீக்கோப்பைகள் எல்லாம் அப்படியே நின்றன.

கேரவனுக்குப் பின்னாலிருந்து அவர் மெதுவாக எழுந்தார். முன்னே தங்கியவர்கள் விட்டுப்போன ஒரு கூடார ஆணி அவர் கையில் இருந்தது.

"டயர்ல ஏறியிருக்கும். அதான் குனிஞ்சு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். அவளையே பார்த்தார்.

அவள் அழுதுவிட்டாள். வாய்தவறிச் சொன்ன பெயரை எப்படித் திரும்ப விழுங்குவது என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டார். கை சூடாக இருந்தது. ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

பிறகு கேரவனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கோணலா நிக்குது மங்கை. இன்னொரு தடவை எடு."

அவளும் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் நடந்து போனார். கண்ணாடியில் கொஞ்ச தூரம் தெரிந்தார். பிறகு தானாகவே ஓரமாக நகர்ந்து, கேரவனுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். சட்டை நுனி மட்டும் காற்றில் எட்டிப் பார்த்தது.

அவள் வண்டியைக் கிளப்பவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கூப்பிடுவதற்காகத் தலையை வெளியே நீட்டினாள்.