விட்டுப்போன மூன்றாம் பக்கம்

“உங்க விண்டோஸ் ஓட்டைப் பானை. என்னோட லினக்ஸ் இரும்புப் பெட்டி. வினாத்தாள் எதுலேருந்து ஒழுகியிருக்கும்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும்,” என்றார் தலைமையாசிரியர்.

பள்ளியில் தட்டச்சு செய்யும் அம்மாளைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். இன்னும் நடக்காத வேதியியல் தேர்வின் மூன்று பக்க வினாத்தாளில், முதலிரண்டு பக்கக் கேள்விகள் மாணவர் அனைவர் வாயிலும் புரண்டுகொண்டிருந்தன. வினாத்தாள் இருந்தது இரண்டே கணினிகளில்: தட்டச்சு செய்த அவளுடைய விண்டோஸ் கணினி, சரிபார்த்த அவருடைய லினக்ஸ் கணினி. பழி தன்மேல் விழுந்தால் பதினெட்டு ஆண்டு வேலை போய்விடும்.

“ஆள் வெச்சுப் பாருங்க சார். அதுக்கு முன்னாடி என்னைத் திருடியாக்காதீங்க.”

வந்த கணினிப் பழுதுபார்ப்பவர் இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார். அவளுடையதில் பாதுகாப்பு அப்டேட்டுகள் தவறாமல் போடப்பட்டிருந்தன. அவருடையதிலோ இரண்டாண்டுகளாக ஒன்றுகூட இல்லை. ஆயினும் இரண்டிலுமே அந்நியர் நுழைந்த தடம் இல்லை.

“பேரை வெச்சு எதையும் பத்திரம்னு சொல்ல முடியாது சார். நல்ல பூட்டு வாங்கினா மட்டும் போதுமா, பூட்டவும் வேணும்ல?”

விண்டோஸைப் பழுதுபார்த்தே பிழைப்பவர் வேறென்ன சொல்வார் என்று தலைமையாசிரியர் அவரை மட்டந்தட்டினார்.

அவள் குறுக்கிட்டாள். “திருட வந்தவன் மூணாவது பக்கத்தை மட்டும் எதுக்கு சார் விட்டுட்டுப் போனான்? பெட்டியைத் தூக்கறவன் மூடியை வெச்சுட்டா போவான்?”

தலைமையாசிரியர் அச்சுப்பொறிப் பக்கம் திரும்பினார். சென்ற வாரம் வகுப்பு வகுப்பாக மாணவர் கையில் சுற்றிய இரண்டு சுற்றறிக்கைகளைப் போலவே, அவளுடைய பணியிடைநீக்க உத்தரவையும் தம் கையாலேயே அச்சிட்டார். வேலையிலும் சரி, தாளிலும் சரி, எதையும் வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது.

“கையெழுத்துப் போடுங்க.”

அவள் நிதானமாகப் படித்தாள். மேலும் ஏதேனும் எழுதியிருக்கிறதோ என்று தாளைப் புரட்டினாள்.

பின்பு பேனாவை மூடிவைத்துவிட்டு, தாளின் பின்பக்கத்தை அவர் முன் நீட்டினாள். அங்கே, அவர் சிவப்பு மையால் திருத்தியிருந்த வினாத்தாளின் மூன்றாம் பக்கம் இருந்தது.

“முதல் ரெண்டு பக்கத்தோட பின்பக்கத்துலதானே சார், போன வாரம் சுற்றறிக்கை அடிச்சு அனுப்பினீங்க?”