பதினேழாம் வரி

"இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சுக் காட்டறேன் சார்!" டேட்டாபேஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"பிடிங்க. யாரா இருந்தாலும் மெமோதான்" என்றார் மேனேஜர்.

அது குடிநீர்ப் புகார் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் வந்து போனை எடுத்தாக வேண்டும். அது யார் என்பதை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு புரோகிராம் முடிவு செய்யும். இதுவரை குறைவாக வந்தவர் யாரோ, அவர் பெயரைத்தான் முதலில் எடுக்கும்.

ஆனால் ஆறு மாதமாக, நான்கு மணியானால் அது முரண்டு பிடித்து நின்றுவிடுகிறது. காத்திருந்து பார்த்துவிட்டு, ஞாயிறு கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். டியூட்டிப் பட்டியல் போடும் அக்கா அதில் தன் பெயரையே எழுதிவிட்டு, தானே வந்து உட்கார்ந்துகொள்வார்.

பழி மட்டும் டேட்டாபேஸ்காரர் தலையில்.

மனிதருக்கு ஒரே ஆறுதல், ஞாயிறு டியூட்டி இதுவரை அவருக்கு விழவே இல்லை. விழுந்தால் திண்டாட்டம்தான். மனைவி நர்ஸ், ஞாயிறுதோறும் வேலை. இரண்டு வயது மகளை இவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிப் புலம்பாத மேசை இல்லை. இப்போதோ, "நம்ம ராசி அப்படி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

மணி நான்கு. புரோகிராம் நின்றது.

டேட்டாபேஸின் உள் நிலவரத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். எந்த வரியை யார் பூட்டி வைத்திருக்கிறார், யார் காத்துக் கிடக்கிறார் என்று அது புட்டுப் புட்டு வைத்துவிடும்.

"ஒருத்தர் ஒரு பதிவைத் திருத்தத் திறக்கறாங்க சார். சேமிக்கவும் இல்ல, மூடவும் இல்ல. அவங்க விடறவரைக்கும் வேற யாரும் அதுல நுழைய முடியாது. பாத்ரூம் உள்தாழ்ப்பாள் மாதிரி."

"சரி, உள்ள யாரு?"

"டியூட்டிப் பட்டியல் மேசை! ஊழியர் பட்டியல்ல பதினேழாம் வரியைப் பூட்டி வச்சிருக்காங்க."

"அது யாரோட வரி?"

"யாரோடதா இருந்தா என்ன சார்? பூட்டினவங்க மாட்டிக்கிட்டாங்களே!"

இருவரும் அக்காவின் மேசைக்குப் படையெடுத்தார்கள்.

"ஏதாவது பதிவைத் திறந்துட்டு மூட மறந்துட்டீங்களாக்கா?"

அக்காவின் முகம் சிவந்தது. "ஆமா தம்பி. மறதி."

"அதென்னக்கா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் வர்ற மறதி?"

ஹால் முழுக்கச் சிரிப்பு.

"மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை இப்படியே விட்டுடுங்களேன் தம்பி. ஞாயித்துக்கிழமை நானே வந்துக்கறேன்."

"அந்தப் பேச்சே வேண்டாம்!"

டேட்டாபேஸ்காரர் விறுவிறுவென்று தன் இடத்துக்கு வந்தார். ஒரே தட்டு. பூட்டு உடைந்தது. புரோகிராம் துள்ளிக்கொண்டு ஓடியது. பிரிண்டர் பட்டியலைத் துப்பியது.

வெற்றிச் சிரிப்போடு தாளை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

ஞாயிறு டியூட்டிக்கு நேரே அவர் பெயர்.

"சார், இது தப்பு! பாப்பாவை நான் யார்கிட்ட விடுவேன்?"

"புரோகிராம் சரியாத்தான் எடுத்திருக்கு" என்றார் மேனேஜர். "நீங்கதானே இதுவரைக்கும் ஒரு ஞாயிறுகூட வரல?"

அவருக்கு என்னவோ உறைத்தது. திரையில் பதினேழாம் வரியைத் திறந்தார்.

அவருடைய போட்டோ. அவருடைய பெயர்.

ஆறு மாத ராசி, ஒன்றும் தெரியாததுபோல் டியூட்டிப் பட்டியல் மேசையில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அங்கே போனார்.

"அக்கா..."

"மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நானும் வரேன். அவ என்கூட விளையாடட்டும், நீங்க போனை எடுங்க."

மேனேஜர் மெமோ தாளோடு வந்து நின்றார். "ம்... யார் பேருல எழுதறது?"

டேட்டாபேஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பதினேழாம் வரி பேருல எழுதுங்க சார்."