கண் தெரிந்தவர்கள் பக்கம்

"கண் நன்றாகத் தெரிகிறவர்கள் இந்தப் பக்கம்" என்றார்கள். சுப்புராஜ் அந்தப் பக்கம் போய் நின்றான்.

வேறு எங்கே போய் நிற்பது? கொச்சிக் காயலுக்கு அக்கரையில் தேவராவில் நிற்கிற கப்பலின் பெயரை மட்டாஞ்சேரியிலிருந்தே படித்துவிடுவேன் என்று பஜார் முழுக்க அளந்து வைத்திருந்தவன் அவன். காலையில் ஆராய்ச்சிக்கு ஆள் தேடி வந்த பெண்ணிடம் கூட்டாளிகள் அவனைத்தான் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

உண்மையில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஓணத்துக்கு முன்பிருந்தே உலகம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடந்தது.

டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே வரும். வெளியே வந்தால் பிழைப்பில் மண். அதனால் பெண்டாட்டி பாண்டிச்செல்விக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தான்.

மிளகுக் கிட்டங்கிக்கு மேலே இருந்த ஹாலில் இரண்டு இயந்திரங்கள் அருகருகே நின்றன. படகுக்கு டிக்கெட் எடுக்கிற புது இயந்திரம். பார்வை இல்லாதவர் தொட்டால், எது எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும்.

ஆராய்ச்சி செய்கிற விஷ்ணுப்ரியா பாலக்காட்டுப் பெண். ஒரு ஜோடியிலாவது கண் தெரிந்தவரும் தெரியாதவரும் எர்ணாகுளத்துக்கு ஒரு டிக்கெட்டை ஒரே நேரத்தில் எடுத்து முடித்தால்தான் அவளுடைய இயந்திரம் பாஸ். இதுவரை வந்த எல்லா ஜோடியிலும் கண் தெரிந்தவரே முந்திவிட்டார். இதுதான் கடைசி ஜோடி.

"ஒண்ணும் பேடிக்க வேண்டாம் அண்ணா. பரீட்சை உங்களுக்கில்லை, மெஷினுக்காக்கும்."

இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் மாட்டிவிடுவார்கள் என்று சுப்புராஜுக்குத் தெரியும்.

எதிரே வெளிச்சமாக ஒரு சதுரம் இருந்தது. அதற்குள் என்னவோ நெளிந்தது. தனக்கு மலையாளம் படிக்க வராது என்று நழுவப் பார்த்தான். தமிழும் உண்டு என்று அவளே சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தாள். அந்தச் சாக்கும் போயிற்று. இப்போது தமிழ் நெளிந்தது.

பக்கத்து இயந்திரத்தில் வெங்கிடேஷ். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், எர்ணாகுளம் கோர்ட்டில் வக்கீல். அவருடைய இயந்திரம் பேசுவது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வைத்திருந்தார்கள்.

"புதிய பயணம், இடப்பக்கம் மேலே" என்றது அது.

ஆபத்துக்குப் பாவமில்லை. சுப்புராஜ் இடப்பக்கம் மேலே தொட்டான். டிங் என்றது.

அதற்குப் பிறகு அவனுக்குக் கவலை இல்லை. வக்கீல் தொட்டார், இவனும் தொட்டான். வக்கீல் தும்மிவிட்டு நின்றார், இவனும் நின்றான். வக்கீல் விரல் தவறி வைப்பின் தீவுக்கான பொத்தானைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார், இவனும் ஒரு நடை வைப்பின் போய்த் திரும்பினான்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் பிழை வருகிறது, பொத்தானை இடம் மாற்ற வேண்டும் என்று விஷ்ணுப்ரியா பரபரவென்று குறித்துக்கொண்டாள்.

வக்கீல் காதுக்குத் தப்புமா? தன் டிங்குக்குப் பின்னாலேயே ஒரு குட்டி டிங் வருவது அவருக்குக் கேட்டுவிட்டது. எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில், வேண்டுமென்றே ஒன்பது என்று தட்டினார்.

குட்டி டிங்கும் வந்தது.

வெங்கிடேஷ் இவன் பக்கம் தலையைச் சாய்த்தார். "சேட்டா, ஒம்பது பேரும் ஒரே வீடா?"

சுப்புராஜ் விரலைச் சதுரத்திலிருந்து எடுத்துவிட்டான். இந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அடுப்பில் பூனை தூங்கும்.

வெங்கிடேஷ் வாயைத் திறந்தார். "மேடம், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ. எனக்குக் காது அத்தனை போறாது."

சத்தம் கூடியது. வெங்கிடேஷ் நிதானமாக ஒன்பதை அழித்தார், ஒன்றைத் தட்டினார், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுத்தார். கடைசி டிங்குகள் இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

விஷ்ணுப்ரியா கடிகாரத்தைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுப்புராஜுக்கு அது தெரியவில்லை.

கும்பிட வேண்டும்போல இருந்தது அவனுக்கு. வக்கீலின் கையைத் தேடிப் பிடித்து ஒரு தடவை அழுத்தினான். மூன்று பேரும் படியிறங்கினார்கள்.

வாசலில் சுப்புராஜின் ஆட்டோ நின்றது.

விஷ்ணுப்ரியா சந்தோஷத்தில் முதல் ஆளாக ஏறி, நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கோ சார். படகு ஜெட்டி வரைக்கும் அண்ணா கொண்டு விடுவார்."

ஏறப்போன வெங்கிடேஷ் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டார். "எந்த அண்ணா?"

"நான்தான் சார்" என்றான் சுப்புராஜ், சாவி போடும் ஓட்டையைத் தடவிக்கொண்டே.

வெங்கிடேஷ் காலைக் கீழே எடுத்து வைத்தார்.

"இறங்குங்கோ மேடம். என்ன ஒரு காத்து! நமக்கு நடந்தே போகலாம்."

உச்சி வெயில். பஜாரில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சாக்கின் நூல்கூட அசையவில்லை. ஆனாலும் கோர்ட்டில் பேசிப் பழகிய குரல் அது. விஷ்ணுப்ரியா ஒன்றும் புரியாமல் இறங்கிவிட்டாள்.

"சேட்டனும் கூட வரணும்" என்றார் அதே குரலில். "வண்டி இங்கேயே கிடக்கட்டும்."

சுப்புராஜுக்கு அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, இத்தனை மாதமாக ஒவ்வொரு சவாரியிலும் பிடித்து வைத்திருந்த மூச்சு தன்னால் வெளியே வந்தது. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தான்.