கத்தி டிராயர்

பாளையங்கோட்டை வீட்டின் சமையலறையில், கத்தி வைக்கும் டிராயர் மறுபடியும் டக்கென்று பூட்டிக்கொண்டது. கோமதி கூடத்தை எட்டிப் பார்த்தாள். காய் நறுக்க வேண்டிய கணவர் சங்கரலிங்கம், மகளோடு போனில் பேசி முடித்துவிட்டு ஒன்றும் நடக்காதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு இதயம் சில நேரம் தாறுமாறாகத் துடிக்கும். நெஞ்சுக்குள் வைத்திருக்கும் அரிசியளவு கருவி, துடிப்பு தப்பும்போது மட்டும் ரத்தம் உறையாமலிருக்க மருந்தைக் கசியவிடுவதால் பக்கவாதம் வராது. ஆனால் அப்போது கை வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் கருவியே டிராயரையும் பூட்டிவிடும். துடிப்பு தப்புவது அவருக்கே தெரிவதில்லை.

துடிப்பு எதனால் தப்புகிறது என்று கண்டுபிடிக்காமல் கோமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்பியைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தாள். மாடிப்படி ஏறவிட்டாள். அவர் தங்கையைக் குறைசொல்லி, வேண்டுமென்றே சண்டைகூடப் போட்டாள். டிராயர் திறந்தே கிடந்தது.

அடுத்தமுறை மகள் உலகம்மை கூப்பிட்டபோது, ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு டிராயர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். வேலையைப் பற்றிப் பேசினார்கள். பெங்களூர் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒன்றுமில்லை.

“மாப்பிள்ளை எப்படி இருக்காவ?” என்றார் சங்கரலிங்கம்.

“அவங்களுக்கென்னப்பா, நல்லா இருக்காவ. நானும் நல்லா இருக்கேன்.”

“சரிம்மா, சந்தோஷம்.”

டக்.

கோமதி வந்து போனைக் கையில் வாங்கினாள்.

“ஏட்டி, அப்பா சந்தோஷம்னு சொல்லுதாவ. இங்க டிராயர் பூட்டிக்கிட்டு. அங்க என்ன நடக்குன்னு சொல்லு.”